ஊவாத் தோட்டங்களும் தீவிரவாத ஆய்வும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

அரசியல் தீவிரவாதம், மதத் தீவிரவாதம் என்னுந் தொடர்கள் இன்றைய ஆய்வுலகில் ஏறத்தாழ நோய்ப் பெயர்களாகவே வழங்கி வருகின்றன. நோய் யாரைத் தொற்றுகின்றது, எவ்வாறு பரவுகின்றது, அதனைத் தணிப்பதெங்ஙனம் என்பனவே ஆய்வாளர் பலர் எழுப்பும் வினாக்கள். 2001 செப்டெம்பருக்குப் பின்னர் உலகளாவிய நிலையிலும், 2019 ஏப்பிரல் 21 ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் இலங்கையிலும் இப்போக்கு மேலும் வலுப்பெற்றது. இவ்வினாக்கள் தேவையற்றவை என நாம் கூறவரவில்லை. ஆயின் அவற்றுக்கு முன்னே கேட்கப்படவேண்டியவை சில உண்டு. ஒரு செயலுக்குத் தீவிரம் என்னும் பெயரை இட்டவர் யார்? அப்பெயரைச் சுமந்தவர் 'மக்கள்' என்று கூறியபோது அச்சொல்லினுள் யார் யாரை அடக்கினர்? யாரை வெளியே விட்டனர்?

இவற்றுள் இறுதி இரு வினாக்களுமே இக்கட்டுரையின் பொருளாகும். இதற்கு ஊவா மாகாணத்தை நாம் தெரிந்துகொண்டமைக்குக் காரணமுண்டு. பதுளையைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலும், அவற்றின் கிழக்கிலும் தெற்கிலும் தாழ்ந்து செல்லும் வெல்லஸ்ஸ, புத்தள, வெல்லவாய நிலங்களிலும், கடந்த இரு நூற்றாண்டுகளில் ஒன்றுக்கொன்று தொடர்பற்றனபோலத் தோன்றும் பல கிளர்ச்சிகள் நிகழ்ந்துள்ளன. மலையில் தமிழ்த் தொழிலாளி, அடிவாரத்திற் சிங்களக் குடியானவன் என்ற இந்நிலவமைப்பு அக்கிளர்ச்சிகளை உரைத்துப் பார்க்க உகந்த கட்டளைக்கல்லாகவும் அமைகின்றது.

1817 இல் வெல்லஸ்ஸவில் மூண்ட எழுச்சியிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 1815 மார்ச் 2 ஆந் திகதி கைச்சாத்தான கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு புத்த சமயத்தைப் பேணுவதாக உறுதியளித்திருந்தது. இரண்டு ஆண்டுகள் கழிவதற்குள் அவ்வுறுதியில் ஊவா மக்கள் நம்பிக்கை இழந்தனர். வெல்லஸ்ஸ முஸ்லிம்களைத் திசாவையின் அதிகாரத்திலிருந்து பிரித்து ஹாஜி மரிக்காரை அவர்களுக்கு முகாந்திரமாக ஆங்கிலேயர் நியமித்தமை உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. பதுளையிலிருந்து நிலைமையைப் பார்க்கச் சென்ற அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். எழுச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெற்றிபொலவே கிளர்ச்சியாளருடன் சேர்ந்து அதன் தலைவரானார். இவையெல்லாம் பாடநூல்களில் உள்ளவை. பாடநூல்கள் விரைந்து கடந்து செல்லும் ஒரு செய்தியே நமக்கு முக்கியமானது. கிளர்ச்சியாளர் அரியணைக்கு உரியவராக முன்வைத்த வில்பாவே முன்னர் துறவியாக இருந்தவர். அவர் தம்மைத் துரைசாமி என்னும் நாயக்க வமிசத்தவர் என்றும், கதிர்காமத் தெய்வத்தாற் தெரிவுசெய்யப்பட்டவர் என்றும் கூறிக்கொண்டார். அதாவது, ஊவாச் சிங்களக் குடியானவர் அந்நியரை எதிர்த்து ஆயுதம் ஏந்தியபோது அவர்கள் நாடிய அரசனுக்குத் தமிழ்ப் பெயர் இருந்தது; அவனுக்குப் பட்டம் அளித்த தெய்வம் நாம் முருகனென வழிபடும் தெய்வமாயிருந்தது. உரிமை கோரியவர் போலி என்பது பின்னர் வெளிப்பட்டமை வேறு விடயம். அப்பெயரை மக்கள் தடையின்றி ஏற்றனர் என்பதே மனங்கொள்ளத்தக்கது. சமயம் வேறு, அரசியல் வேறு எனப் பிரித்து இவ்வெழுச்சியை ஆராய முனைவோர் இரண்டையும் இழப்பர். 1818 இல் தலதா என்னும் புனித தந்தம் கிளர்ச்சியாளர் கைக்குச் சென்றமையும், அது மீளக் கைப்பற்றப்பட்டதும் எழுச்சியின் வலு ஒடுங்கியமையும் இதற்குச் சான்றாகும்.

தேசாதிபதி பிரவுன்றிக் கிளர்ச்சித் தலைவர்களை 1818 இல் வர்த்தமானி மூலம் துரோகிகள் எனப் பிரகடனஞ் செய்தார். ஊர்கள் எரிக்கப்பட்டன, பயிர்களும் குளங்களும் அழிக்கப்பட்டன. கெப்பெற்றிபொல அவ்வாண்டு நவம்பர் 26 இல் கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். 2016 டிசெம்பரில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அப்பிரகடனத்தை இரத்துச் செய்து அவர்களைத் தேசிய வீரர்களாக அறிவித்தார். துரோகி வீரனாவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளும் ஓர் அரச முத்திரையும் தேவைப்பட்டன.

எழுச்சி அடங்கிய நிலத்தின் மேற்சரிவுகளிலேயே பின்னர் கோப்பியும், 1869 இற் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலையும் பரவின. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் உறுதியற்ற காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாகக் கொள்ள வழிசெய்தது. 1886 இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1924 இற் பதுளை வரை புகையிரதம் வந்தது. தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட மக்கள் இம்மலைகளில் லயங்களிற் குடியேற்றப்பட்டனர். கீழேயிருந்த குடியானவன் தன் மலையில் ஏறிய புதியவனைக் கண்டான். அவனை அங்கு ஏற்றியவனைக் காணவில்லை. ஊவாவின் பிற்கால அரசியலில் இத்தோற்றப்பிழை எத்துணை பெரிய பங்கு வகித்தது என்பதைக் கீழே காண்போம்.

தோட்டம் ஒரு வேலைத்தலம் மட்டுமன்று. அது ஒரு மூடிய ஆட்சிப்பரப்பு. பிரட்டுக்களத்திற் பெயர் கூப்பிடுவது முதல் ஒருவன் தோட்டத்தை விட்டு நீங்குவது வரை துரையினதும் பெரிய கங்காணியினதும் சொல்லே சட்டமாயிருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்ததாகக் காட்டும் துண்டு இன்றித் தொழிலாளி வேறு தோட்டத்திற்குப் போக முடியாத நிலை 1921 இற் சட்டப்படி ஒழிக்கப்பட்டபோதும், கடன் ஒழியவில்லை. அத்துமீறற் சட்டத்தின் துணையால் வெளியார் தோட்டத்திற் காலெடுத்து வைப்பதையே குற்றமாக்க முடிந்தது. இந்நிலையில் துரையின் அனுமதியோடு மக்கள் பெருந்தொகையாகக் கூடக்கூடிய ஒரே இடம் கோயிலாகும். மாரியம்மன் திருவிழாவிற்கும், மாசி மாதத்துக் காமன் கூத்திற்கும் லயந்தோறும் பணம் திரட்டுவது, பொறுப்புப் பிரிப்பது, பிணக்குத் தீர்ப்பது, இரவெல்லாம் ஒரு கூட்டத்தை ஒழுங்கோடு நடத்துவது ஆகிய பயிற்சிகள் அங்குதான் கிடைத்தன. இவற்றைச் சமத்துவப் பயிற்சி எனப் போற்றுவதற்கில்லை. கோயிலிற் சாதியும் கங்காணியின் முதன்மையும் உறுதியாக வீற்றிருந்தன. எனினும், பின்வந்த தொழிற்சங்க அமைப்பின் அடித்தளத்தைத் தேடுவோர் கட்சி அலுவலகங்களில் மட்டுந் தேடினால் அரைப்பங்கு உண்மையையே காண்பர்.

1939 ஆம் ஆண்டு பல காரணிகள் ஒருங்கு கூடின. கோ. நடேசய்யர் 1931 இல் நிறுவிய அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தோட்ட மக்களுக்குச் சங்கம் என்னும் எண்ணத்தை ஏற்கனவே அறிமுகஞ் செய்திருந்தது. 1935 டிசெம்பரில் தோன்றிய இலங்கைச் சமசமாஜக் கட்சி தோட்டங்களை நோக்கித் திரும்பியது. இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களிலிருந்து இந்தியத் தொழிலாளரை வெளியேற்ற முற்பட்டதற்கு மறுமொழியாக, இந்திய அரசாங்கம் 1939 ஓகஸ்ட் 1 முதல் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. அதே கோடையில் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. செப்டெம்பரிற் போர் மூண்டு விலைகள் ஏறின. இனிப் புதிய ஆள் வரமாட்டான் என்ற நிலை, கையிலிருக்கும் ஆளின் பெறுமதியை உயர்த்தியது. தொழிலாளர் இதனைப் பொருளியல் நூல்களிற் கற்கவில்லை. பிரட்டுக்களத்திற் கண்டறிந்தனர் எனலாம்.

1940 சனவரி 10 ஆந் திகதி ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். வேலைநிறுத்தக்காரர் கேட்டது நாட்கூலியில் 16 சத உயர்வு. 1929 இல் வகுக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலிப்படி மலைநாட்டு ஆண் தொழிலாளிக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்பதையும், பொருளாதார மந்தத்தின்போது அதுவுங் குறைக்கப்பட்டதையும் நினைவிற் கொண்டால் இக்கோரிக்கையின் அளவு புலப்படும். விசாரணை ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். வழக்குகளை ஒத்திவைப்பது பற்றி உள்நாட்டு அமைச்சர் விடுத்த பணிப்பைப் பொலிஸ் மாஅதிபர் ஏற்க மறுத்தமை அரசாங்க சபை அமைச்சர்கள் பதவி துறக்கும் அளவிற்குச் சென்றது. கூலியின் 16 சதத்தில் தொடங்கியது, டொனமூர் அரசியலமைப்பில் உண்மை அதிகாரம் எவர் கையில் உள்ளது என்னும் வினாவாக முடிந்தது.

இவ்வேலைநிறுத்த அலை தெற்கு நோக்கி நகர்ந்து ஊவாவை அடைந்தபோது அதன் தன்மை மாறியது. போராட்டங்கள் நீண்டன, தொழிலாளர் சமசமாஜத் தலைமையையே பெரிதும் நாடினர். எட்மண்ட் சமரக்கொடி, வில்லி ஜயதிலக்க, வி. சிற்றம்பலம் ஆகியோர் இங்கு தலைமைப் பணியாற்றினர். கூட்டங்களுக்கு நீதவான் தடை விதித்தார். 1940 மே 12 ஆந் திகதி என். எம். பெரேரா அத்தடையை மீறிப் பதுளையில் ஒரு பெருங் கூட்டத்திற் பேசினார். திரண்டிருந்த மக்களைக் கண்ட பொலிசார் செயலற்று நின்றனர். பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்திலோ நிலைமை இன்னும் ஒரு படி மேற்சென்றது. அங்கு தொழிலாளர் தமக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையுடன் கலந்தே காரியங்களை நடத்துவதாகத் தோட்டத்துரை இணங்கினார். 'சட்டத்தையும் ஒழுங்கையும்' மீட்க அனுப்பப்பட்ட ஆயுதந் தாங்கிய பொலிஸ் குழுவின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர்.

இது எத்துணை நாட்கள் நீடித்தது என்பதைக் காட்டிலும், இது நிகழ்ந்தது என்பதே கருதற்பாலது. துரையை நிமிர்ந்து பார்ப்பதே குற்றமாகக் கொள்ளப்பட்ட ஓரிடத்தில், துரை சபையிடங் கேட்டு நடக்க இணங்கினார். வேலைநிறுத்தம் கூலியை உயர்த்தக் கேட்கும். சபையோ யார் ஆள்வது என்று கேட்கும். இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இவ்விரண்டாவது வினா இவ்வளவு வெளிப்படையாக எழுந்த இடங்கள் சிலவே.

இந்நிகழ்ச்சியைத் தோட்டத்துரைமாரின் தரப்பு விளக்கிய முறை எளிமையானது. அமைதியாக வாழ்ந்த தொழிலாளரைக் கொழும்பிலிருந்து வந்த கிளர்ச்சிக்காரர் கெடுத்துவிட்டனர் என்பதே அது. ஒரு மனிதனைத் தன் துன்பத்தைத் தானே உணரும் ஆற்றல் அற்றவனாகக் கருதுபவர்க்கே இவ்விளக்கம் நிறைவளிக்கும். இடதுசாரி வரலாற்றாசிரியரின் விளக்கம் இதற்கு மாறானது. 1905 இலும் 1917 இலும் ருஷ்யாவிற் தோன்றிய சோவியத்துகளின் சாயலை அவர்கள் வெவெஸ்ஸவிற் கண்டனர். கட்சியின் கருத்துகள் அங்கு சென்றடைந்திருந்தமையால் இதில் உண்மையில்லாமலில்லை. ஆயின் இவ்விரு விளக்கங்களும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றன: இரண்டிலும் எண்ணம் வெளியிலிருந்தே வருகின்றது. முன்னவர் அதை நஞ்சு என்கின்றனர், பின்னவர் அமுது என்கின்றனர்.

நமது கருத்தில் வெவெஸ்ஸ சபைக்கு வேறொரு மூதாதையும் உண்டு. லயத்து மக்கள் பஞ்சாயத்தை அறிந்தவர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த அவ்வழக்கம் திருமணப் பிணக்கு, கடன், கோயில் வரி ஆகியவற்றிற் தோட்டத்திலுந் தொடர்ந்தது. ஆனாற் பஞ்சாயத்தில் யார் அமர்வது என்பதைச் சாதியும் கங்காணித்தனமும் தீர்மானித்தன. சங்கம் வந்தபோது 'தலைவர்' என்னும் புதியதொரு பதவி தோட்டத்திற் பிறந்தது. அது பிறப்பால் வருவதன்று, தெரிவால் வருவது. பழைய பஞ்சாயத்தின் பழக்கமும் புதிய சங்கத்தின் தெரிவுமுறையும் ஒன்றிணைந்த இடத்திற்றான் வெவெஸ்ஸ போன்ற ஒரு சபை தோன்றியிருத்தல் கூடும். அவ்வாறாயின் அதன் தீவிரம் துரையை எதிர்த்தமையில் மாத்திரமன்று, கங்காணியின் இருக்கையைக் காலி செய்தமையிலும் உள்ளது. பொலிசாரின் கண்ணுக்குத் தெரிந்தது முதலாவது. லயத்தின் கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றியது இரண்டாவதாயிருக்கலாம்.

எழுச்சியை முறியடித்தவை இரண்டு. ஒன்று பொலிஸ் அடக்குமுறை. மற்றொன்று, ஒரு வாரத்திற்கு மேலாக ஊவாவை நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்த வெள்ளம். யூன் மாதத்தில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் கைதாயினர். யூலையில் தோட்ட உரிமையாளர் தரப்பும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கை ஒன்றிற்கு வந்தன. சங்கம் என்பது இனிப் பேச்சுவார்த்தைக்குரிய அமைப்பு என ஒப்புக்கொள்ளப்பட்டது. துரையோடு ஆட்சியைப் பகிரும் சபை என்ற எண்ணம் அமைதியாக மேசையிலிருந்து அகற்றப்பட்டது. இன்றும் பதுளை நகரிலுள்ள சென். மார்க் தேவாலயம் மேஜர் றொஜர்ஸின் நினைவைத் தாங்கி நிற்கின்றது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக்கொன்று, 1845 இல் மின்னல் தாக்கி மாண்ட அதிகாரி அவர். வெவெஸ்ஸ சபையிற் தெரிவானோரின் பெயர்களோ பொது வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை.

தலைவர்களின் பின்வாழ்க்கை பற்றி இங்கு சிறிது கூறவேண்டும். தனிமனிதரைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. 1947 தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றஞ் சென்றார். தோட்ட வாக்குகள் பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களுக்கும் கைகொடுத்தன. இதற்கு விடையாகவே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் வாக்குரிமைத் திருத்தமும் வந்தன எனக் கொள்ள இடமுண்டு. 1946 குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேராயிருந்த ஒரு சமூகத்தின் பெரும்பகுதி நாடற்றதாயிற்று. சமசமாஜத் தலைவர்கள் அன்று இச்சட்டத்தை எதிர்த்துப் பேசினர். ஆனால் 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவிற்கு, 3 இலட்சம் பேரை இலங்கைக்கு எனப் பங்கிட்டபோது, அதே கட்சி அரசாங்கத்தின் பங்காளியாயிருந்தது. பதுளையில் தடையை மீறிய என். எம். பெரேரா அவ்வமைச்சரவையின் நிதியமைச்சர். கோவிந்தனின் மனைவிக்காக வாதாடிய கொல்வின் ஆர். டி சில்வா 1970 முதல் 1975 வரை பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சராயிருந்தார். 1973, 1974 ஆம் ஆண்டுகளிற் தோட்டங்களிற் பசியாற் பலர் மாண்டது அக்காலத்திலேயே. துரோகம் என்று கூறி இதனை முடித்துவிடுவது எளிது. உண்மையில் நேர்ந்தது வேறு. வாக்கற்ற மக்கள் வாக்கரசியலின் கணக்கிலிருந்து மறைந்தனர். அவர்களை மறந்த தீவிரம் தன்னைத் தீவிரம் என்றே தொடர்ந்து எண்ணிக்கொண்டது.

இவ்வெற்றிடத்தில் தோட்ட இளைஞர் சிலர் வேறொரு தீவிரத்தை நாடினர். 1932 ஒக்டோபரில் ஐரோப்பியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியிற் பெரியார் ஈ. வெ. இராமசாமி இலங்கையிற் பேசியதிலிருந்து சுயமரியாதைக் கருத்துகள் இங்கு வேரூன்றின. ஏ. இளஞ்செழியன் முதலியோர் வழிநடத்திய இலங்கைத் திராவிடர் முன்னேற்றக் கழகம் நாடற்றோரின் குடியுரிமையை முன்னிறுத்தியது. கோயிலுள் வீற்றிருந்த சாதியை எதிர்த்துக் கேள்வி எழுப்பியதும் இவ்வியக்கமே. அதனை இந்தியாவின் கைக்கருவியெனச் சந்தேகித்த அரசாங்கம் 1960களின் தொடக்கத்தில் தடைசெய்தது. நாத்திகமும் ஒரு சமயத் தீவிரம் என்பதையும், லயத்தில் அது மானத்தின் மொழியாகவே பேசப்பட்டது என்பதையும் நமது ஆய்வாளர் போதிய அளவு கவனித்திலர்.

1971 ஏப்பிரல் 5 ஆந் திகதி அதிகாலையில் வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. அன்றிரவு நாடெங்குந் தொடங்கவிருந்த மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி அங்கு முன்கூட்டியே வெடித்தது. வெல்லவாய, எல்ல, கொஸ்லந்த மலைகளின் காலடியில் உள்ளது, மேலே லயங்கள். கிளர்ச்சியாளர் பெரும்பாலும் கிராமத்துச் சிங்கள இளைஞர், கற்றும் வேலையற்றோர். அவர்களின் வறுமையும் சினமும் பொய்யல்ல. ஆயின் அவர்கள் கற்ற ஐந்து வகுப்புகளுள் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றியது. அதன்படி மலையிலுள்ள தொழிலாளி சுரண்டப்படும் தோழனல்லன். அந்நிய வல்லரசின் முன்னணிப் படை. நாட்டின் மிக வறிய தொழிலாளி வர்க்கத்தை வர்க்கக் கணக்கிலிருந்தே நீக்கிய ஒரு புரட்சிப் பாடம் இது. 1818 இற் துரைசாமி என்ற பெயரை ஏற்ற அதே நிலம், நூற்றைம்பது ஆண்டுகளின் பின் இராமசாமியை ஏற்கவில்லை. இடையில் நிகழ்ந்தது தோட்டம். மேலே நாம் கூறிய தோற்றப்பிழை இவ்வாறு ஒரு கொள்கையின் வடிவம் பெற்றது. அம்முன்னணி பின்னாளில் தன் நிலைப்பாடுகளைப் பலமுறை மாற்றிக்கொண்டது. அது தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தியின் சார்பில் 2024 நவம்பரில் பதுளை மாவட்டத்திலிருந்து மலையகத் தமிழ்ப் பெண்ணான அம்பிகா சாமுவேல் பாராளுமன்றத்திற்குத் தெரிவானமை இம்மாற்றத்தின் ஓர் அறிகுறி. அதன் ஆழம் லயத்தின் நிலவுரிமையில் அளக்கப்படவேண்டியது.

மதத்தின் பக்கத்திலிருந்து இப்பிளவைக் கடக்க முயன்றோர் இருவரை இங்கு குறிப்பிடாமல் விடமுடியாது. 1972 இற் பதுளை மறைமாவட்டம் உருவானபோது கண்டி ஆயராயிருந்த லியோ நாணாயக்கார அப்பெரிய பதவியைத் துறந்து இவ்வறிய மறைமாவட்டத்தின் முதல் ஆயராக வந்தார். 1982 இல் மறையும்வரை இங்கேயே பணியாற்றினார். குருத்துவப் பயிற்சியை மதில்களுக்குள்ளிருந்து மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டுமென்பது அவரது கொள்கை. பண்டாரவளையில் அவர் தொடங்கிய சேவக்க செவன என்னும் பயிற்சி நிலையம் அதன் விளைவு. அங்கு பணியாற்றிய அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கல் றொட்றிகோ 1980 அளவிற் புத்தளப் பகுதியில் பௌத்த மக்களிடையே ஒரு சிறு இல்லம் அமைத்து வாழத் தொடங்கினார். மதம் மாற்றுவது அவர் நோக்கமன்று என்பதை ஊரவர் நம்புவதற்கே நாட்கள் சென்றன. அப்பகுதியின் வறுமையை ஆராய்ந்த அவர் அதன் வேரை 1818 இன் அழிவிலே கண்டார். பெருங் கரும்புச் செய்கை குடியானவர் வாழ்வை எவ்வாறு மாற்றியது என்பதையும் எழுதினார். 1987 நவம்பர் 10 ஆந் திகதி திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசுக்கும் கிளர்ச்சியாளருக்கும் இடையில் ஊவா நசுங்கிய காலம் அது. மெழுகுவர்த்தியும் மலருமாக அமைதியாக வாழ்ந்த ஒரு மனிதர் எவருக்கோ தாங்கமுடியாத தீவிரவாதியாகத் தோன்றியிருந்தார்.

பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவயில் தீவிரவாதிகளென ஐயுறப்பட்ட தமிழ் இளைஞருக்கான புனர்வாழ்வு முகாம் ஒன்று இருந்தது. தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட 'தணித்தல்' என்னும் எண்ணத்தின் நிறுவன வடிவம் அதுவே. 2000 ஒக்டோபர் 25 ஆந் திகதி காலை சூழவிருந்தோர் திரண்டு அம்முகாமைத் தாக்கி இருபத்தைந்துக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். காவலுக்கு நின்ற பொலிசார் தடுக்கவில்லை. 2003 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டோர் அனைவரும் 2005 அளவில் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். அந்தக் காலைப்பொழுதில் தீவிரவாதி என்ற சொல் மதிலின் எப்பக்கத்தில் நின்றவர்க்குப் பொருந்தும் என்பதைத் தீவிரவாத ஆய்வுகள் தம் அட்டவணைகளில் எழுதுவதில்லை.

ஊவாவின் 1940 ஐ முழுமையாக எழுதுவதற்கான சான்றுகள் இனித் தேடப்படவேண்டியவை. தோட்டத்துரைமார் சங்கத்தின் ஆண்டறிக்கைகளும், பொலிஸ், தொழில் திணைக்களக் கோவைகளும் எதிர்த்தரப்பின் குரலையே தரும். எனினும் பயந்தவன் எழுதிய குறிப்பில் பயமுறுத்தியவனின் உருவமும் ஓரளவு விழுந்திருக்கும். மற்றைய பாதிச் சான்று இலங்கையில் மட்டும் இல்லை. 1964 ஒப்பந்தத்தின் கீழ்த் தலைமன்னாரிற் கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கிய குடும்பங்களுட் பல பதுளை, பசறை, ஹாலி-எல, மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து சென்றவை. நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென 1968 முதல் தமிழ்நாட்டு அரசு வளர்த்த தேயிலைத் தோட்டங்களில் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கொழுந்து கிள்ளினர். தன் பாட்டன் ஒரு நாள் துரையைக் காத்திருக்கச் சொன்னான் என்ற கதை கோத்தகிரியிலோ கூடலூரிலோ ஒரு வீட்டில் இன்னும் சொல்லப்படலாம். நமது கழகத்தின் இளைய ஆய்வாளர் பதுளைக்குச் செல்லுமுன் அங்கு சென்று கேட்பது நலம். கதை சொல்லத் தெரிந்தோரின் வயது இப்பொழுது எண்பதைத் தாண்டிவிட்டது.